யானை கைமாறியது

வண்டிச் சாவியை மருமகனின் உள்ளங்கையில் வைத்து அழுத்தியபோது மாமனாரின் கண்கள் கலங்கி வழிந்தன. ஐந்து நிமிடத்துக்கு முன் விட்டுக்கொண்ட சொட்டு மருந்து சரியான நேரத்தில் கைகொடுத்தது.

"இனிமே யானை உங்களுதுதான் மாப்பிள்ளை. நல்லாப் பார்த்துக்குங்க."

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கறுப்பு வண்டிக்கு வீட்டில் வைத்த பெயர் யானை. ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். கிளப்பினால் எதிர்வீட்டு ஜன்னல் அதிரும். புகை தெருமுனை வரை போய் நின்று திரும்பிப் பார்க்கும்.

மருமகன் மிரண்டுபோனான். அவன் மனைவி கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவள். "வாரத்துல ரெண்டு நாள் மட்டும் வண்டியக் குடுப்பா" என்று போன மாதம்தான் கெஞ்சினாள். "வேற கை பட்டா அதுக்குப் பிடிக்காதும்மா" என்று கையை விரித்தவர் இதே மனிதர். பக்கத்தில் நின்ற அவள் அம்மா அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

"எனக்கு எதுக்கு மாமா, இவ்ளோ பெரிய..."

"பேத்தி பஸ்ல இடிபடறா. எனக்குச் சோறு இறங்குமாய்யா?" குரல் தழுதழுத்தது. அது மருந்தில்லாமலே வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

உண்மை வேறு. பத்து நாளைக்கு முன் வரி அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. வண்டி பெரியது, புகை அதிகம். ஆகவே அடுத்த மாதம் முதல் வரி நான்கு மடங்கு. ஒரு எழுத்து விடாமல் படித்தவர், ஓரத்தில் சிவப்பு மையில் 'அநியாயம்' என்று எழுதி, தாளை மனைவியிடம் நீட்டினார்.

அவர் முப்பது வருடம் ஒரு பெரிய கிடங்குக்குப் பொறுப்பாளராக இருந்தவர். வீட்டுக்கு வருகிற எந்த அரசாங்கக் காகிதமும் அன்றைக்கே நீள நோட்டில் ஏறியாக வேண்டும். படிப்பது அவர் வேலை. பசை தடவிக் கொடுப்பது மனைவி வேலை. வாங்கி ஒட்டி, நான்கு மூலையும் அழுத்தி, பக்க எண் போடுவார். அன்றைக்கு அவள் பசை தடவ ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டதற்கு, "தாளுக்கு என்ன சீவிச் சிங்காரிக்கிறியா?" என்று ஒரு அதட்டல்கூடப் போட்டார்.

"நாலு மடங்கா! ஏங்க, வித்துத் தொலைச்சிடலாமே?" என்றாள் அவள்.

"எவன் வாங்குவான்? விஷயம் தெரியாத ஆளாப் பார்த்துத் தலையில கட்டணும்."

"விஷயம் தெரியாத ஆளுன்னா நம்ம மாப்பிள்ளைதான். அவரு பாவங்க, விட்டுடுங்க."

மனைவி விடச் சொன்ன எதை அவர் விட்டிருக்கிறார்?

ஆகவே இப்போது மருமகனிடம் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார். 'கொடுத்ததை நான் திருப்பிக் கேட்பதில்லை; மாப்பிள்ளையும் திருப்பித் தரக் கூடாது' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து, அதற்குத் தனியாக ஒரு கையெழுத்து. நாளைக்கு அழுதுகொண்டு வந்து நின்றால் காட்ட வேண்டுமே!

யானை புகை கக்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதும், நாற்காலியில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒண்ணாம் தேதி இருக்குடி வேடிக்கை! வரியைக் கேட்டதும் உன் மாப்பிள்ளை மூஞ்சி போற போக்கைப் பாரு."

மனைவியும் சிரித்தாள். அவர் சொன்னதற்கு அவள் இப்படிக் குலுங்கிச் சிரித்துப் பல வருடமாயிற்று. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒன்றாம் தேதி காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. அழுத முகத்தை எதிர்பார்த்து ஓடியவர் படியிலேயே நின்றுவிட்டார். பச்சை நிறத்தில் ஒரு குட்டிக் கார். சத்தமில்லை, புகையில்லை. மகள் ஸ்டியரிங்கில் இருந்தாள். பின் சீட்டில் மருமகன், மடியில் பேத்தி.

"யானை எங்கடி?"

"வரி ஆபீஸ்ல ஒப்படைச்சாச்சுப்பா. பெரிய வண்டியக் கொண்டுபோய் விட்டா, பதிலுக்குப் புதுசா ஒரு கரண்டு வண்டி தர்றாங்க. பத்துப் பைசா கேக்கல. இதுக்கு வரியே கிடையாதாம்!"

"எவன் சொன்னது? அந்தத் தாளை வரிக்கு வரி படிச்சவன் நான்!"

உள்ளே ஓடி நீள நோட்டைத் தூக்கி வந்தார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். மூலையை நகத்தால் சுரண்டினார். அவர் அழுத்திய அழுத்துக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. பக்கத்தைத் தூக்கி வெயிலில் பிடித்தார். 'அநியாயம்' என்ற சிவப்பு எழுத்துக்குப் பின்னாலிருந்து, இடவலம் மாறிய வரிகள் நெருக்கமாக, பொடிப்பொடியாக எட்டிப் பார்த்தன.

"பின்னாடியும் அச்சடிச்சிருக்கானா?" குரல் இந்தத் தடவை நிஜமாகவே தழுதழுத்தது. "ஒட்டின தாளோட பின்பக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மகள் முன் கதவைத் திறந்துவிட்டாள். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போய், காரில் ஏறி, பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பசை தடவுறது நான்தானேங்க."