முதல் கட்டத்து வண்டு

பழைய வீடியோ கேம் கேசட் ஒன்றுக்குள் ஒரு வண்டும் ஓர் அரக்கனும் குடியிருந்தார்கள். வண்டுக்கு முதல் கட்டத்தில் காவல் வேலை. அரக்கனுக்குக் கடைசிக் கட்டத்தில் சிம்மாசனம். ஆட்டத்துக்கு ஆட்டம் வீரனின் பூட்ஸ் காலில் நசுங்கியது வண்டுதான். அரக்கனை இதுவரை எவனும் நெருங்கியதே இல்லை.

"தினம் மிதி வாங்குறியே, வெட்கமா இல்ல? இன்னைக்காவது புதருக்குள்ள பதுங்கிக்கடா," என்று சிரித்தான் அரக்கன்.

வண்டுக்கு முதுகு இன்னும் வலித்தது. "பதுங்கறதுக்கு வேற ஆளைப் பாரு," என்றது.

டிவியில் இசை கிளம்பியது. வண்டு நிமிர்ந்து, வீரனுக்கு நேராகவே நடந்தது. எம்பிக் குதித்தவன் ஒரு விரற்கடை பிசகி, வண்டின் கொம்பில் மோதிச் செத்தான். ஆட்டம் முடிந்தது.

"இன்னைக்கும் உனக்கு லீவுதான் ராஜா, நல்லா சாஞ்சு உக்காரு!" என்று கத்தியது வண்டு.