ரிங் போகிற வரைக்கும்

"இன்னும் எவ்வளவுதான் டெஸ்ட் பண்ணுவே ஷமீரா? நாளைக்குத் திறப்பு விழா. எனக்கு மண்டை காயுது!"

ஃபாஜில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்காக அவன் எழுதிய க்வெரி சர்வர் அது. ரத்த குரூப்பைத் தட்டினால், கொடுக்க முன்வந்தவர்களின் பெயரும் போன் நம்பரும் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். துபாய் வேலையை விட்டு வந்து அவன் எடுத்த முதல் வேலை.

"சர்வர் ஓடுது, டேட்டாபேஸ் ஓடுது. அப்புறம் என்ன?"

"தனித்தனியா ஓடுது சார். சேர்ந்து ஓடணும்ல? நர்ஸ் தட்டுறதுலேருந்து, அந்த ஆளு போனை எடுத்து 'வர்றேன்'னு சொல்ற வரைக்கும் பார்க்கணும்."

நாகூர்ப் பக்கத்தில் அண்ணனை 'நானா' என்பார்கள். ஃபாஜிலுக்கு ஊர் அதுதான்; அவனிடம் டெஸ்டிங் வேலை பார்க்கும் ஷமீராவும் அந்தப் பக்கத்துப் பெண்தான். ஆனால் 'சார்' தவிர வேறு உறவு கொண்டாட மாட்டாள். அப்படிக் கறார்.

"போனை எடுக்கறது சர்வரோட வேலையா?"

"எடுக்கலைன்னா சாகறது யாரு சார்?"

"சரி தாயே, ஒண்ணே ஒண்ணு" என்று வேண்டாவெறுப்பாகத் தன் குரூப்பான பி நெகட்டிவையே தட்டினான் ஃபாஜில். வந்த முதல் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் பெயரேதான்! கூடவே அவனுடைய பழைய துபாய் நம்பர்.

"எங்க உம்மா வேலை இது. காலேஜ் ரத்ததான கேம்ப்ல பேரு கொடுத்தேன். அப்புறம் யாராச்சும் நம்பர் கேட்டிருப்பாங்க, பெருமையா துபாய் நம்பரைக் கொடுத்திருக்கும். எங்க ஊர்ல பாதி வீட்ல இதே கதைதான்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பாதி நம்பர் வெளிநாட்டுக்குப் போனால், அவசரத்துக்கு எவன் வந்து ரத்தம் கொடுப்பான்?

"நல்லவேளை, விடாம புடிச்சே ஷமீரா. ரொம்ப தேங்க்ஸ்மா. விழா தள்ளிப்போனாலும் போகட்டும், எல்லா நம்பருக்கும் அடிச்சுப் பார்த்துடுவோம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி, துபாய்ல இருக்கறப்ப, இதே ஆஸ்பத்திரிலேருந்து எனக்கே போன் வந்துச்சு. பிரசவ கேஸு, உடனே வாங்கன்னாங்க. நான் என்ன பறந்தா வர முடியும்? பூதலூர்ல பஞ்சநதம்னு என்கூடப் படிச்சவன், அவனுக்கும் இதே குரூப். அவனைப் புடிச்சேன். சாப்பாட்டுல கை வச்சவன் அப்படியே எழுந்து ஓடினான். பாவம், அந்தப் பொண்ணு பொழைச்சுதான்னு கூடத் தெரியல."

ஷமீரா பக்கம் திரும்பிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வழிய நின்றாள்.

"ரத்தம் கொடுத்தவரு, துபாய்லேருந்து ஒருத்தர் சொல்லித்தான் வந்தேன்னாராம். அந்தப் பேர் தெரியாத துபாய்க்காரருக்குன்னுதான் தெனமும் துஆ கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். "பொழைச்சிட்டேன் நானா."