பக்குவம் போதாது

"ஐம்பது வயசு ஆகுது. டிராகன் கதை படிச்சிட்டு உட்கார்ந்திருக்கீங்களே, வெட்கமா இல்ல?"

பதிப்பகத்துக்குள் நுழைந்ததும் நாவலாசிரியர் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஒரு வணக்கம்கூட இல்லை.

புரூஃப் அக்கா வாயிலிருந்த ரொட்டியை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் விழித்தார். மதியச் சாப்பாட்டு நேரம். டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் விரிந்து கிடந்தது. அட்டையில் ஒரு பச்சை டிராகன் குடை பிடித்துக்கொண்டு நின்றது.

எங்கள் பதிப்பகத்தில் எந்தப் புத்தகமும் அக்கா பார்க்காமல் அச்சுக்குப் போகாது. எழுத்துப்பிழை, விட்டுப்போன வரி, எல்லாம் அவர் கண்ணில் மாட்டும். பக்கங்களை வடிவமைக்கிற எனக்கு அடுத்த மேசை அவருடையது.

"சாப்பிடும்போது லேசா ஏதாவது படிப்பேன் சார்" என்றார் அக்கா.

"லேசா! என் நாவல் எழுநூறு பக்கம். பன்னிரண்டு வருஷ உழைப்பு. அதைக் கொண்டுபோய் ஒரு குழந்தை கையில கொடுத்திருக்காங்க!"

சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார்.

"என் எழுத்தைத் தொடறதுக்கு இவங்களுக்குப் பக்குவம் போதாது. இவங்க இங்க இருக்கிறவரைக்கும் என் நாவல் இங்க வராது. வேற இடத்துக்குக் கொண்டுபோறேன்."

முதலாளிக்கு முதுகெலும்பு இருந்ததாக எனக்கு என்றைக்குமே ஞாபகம் இல்லை.

"கோபப்படாதீங்க சார், பார்த்துக்கலாம்" என்றவர், அக்கா பக்கம் திரும்பினார். "இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பா எடுத்துக்கக் கூடாதாமே! பதினெட்டு வருஷ வேலையை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அக்கா வீட்டில் வேலைக்குப் போகிறவர் அவர் ஒருத்தர்தான். மகள் இப்போதுதான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அது முதலாளிக்கும் நன்றாகவே தெரியும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் பேச எனக்கு என்ன யோக்கியதை? போன வாரம்தான், "என்னக்கா, டிராகனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்கவைத்தேன்.

அக்கா அழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, நாவலின் தாள்கட்டை முதலாளியிடம் நீட்டினார்.

"அறுநூத்தி எழுபது பக்கம் பார்த்துட்டேன் சார். அடுத்து பார்க்கிறவங்களுக்காக ஒரே ஒரு சந்தேகம் எழுதி மேலே வெச்சிருக்கேன்."

நாவலாசிரியர் சிரித்தார்.

"சந்தேகமா? முன்னுரை எழுதின பேராசிரியர் இதை மூணு தடவை படிச்சிருக்கார். ஒரு விமர்சகர் வரிவரியாப் படிச்சு அழுதிருக்கார். நானே ஒன்பது தடவை திருத்தியிருக்கேன். உங்களுக்குப் புரியாதது நிறைய இருக்கத்தான் செய்யும். வாசிங்க, என்னன்னு கேட்போம்!"

முதலாளி கட்டின் மேலிருந்த துண்டுத்தாளை எடுத்து வாசித்தார்.

"பக்கம் நூற்று நாற்பதில் பெரிய மாமா மாரடைப்பில் இறக்கிறார். அடக்கமும் செய்தாகிவிட்டது. பக்கம் ஐந்நூற்றுப் பன்னிரண்டில் அதே பெரிய மாமா சீட்டு விளையாடுகிறார்..." முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஜெயிக்கவும் செய்கிறார்."

நாவலாசிரியர் கட்டைப் பிடுங்கினார். நூற்று நாற்பதைப் புரட்டினார். ஐந்நூற்றுப் பன்னிரண்டைப் புரட்டினார். மறுபடியும் நூற்று நாற்பது. மாமா செத்தது செத்ததுதான்.

"ஆறாவது திருத்தத்துல..." என்று முணுமுணுத்தார். "கனம் பத்தலைன்னு மாமாவைச் சாகடிச்சேன்."

"அதனாலென்ன சார்? சாகடிக்காம விட்டுடலாம்" என்றார் முதலாளி.

"விமர்சகர் அழுததே அங்கதான்யா!"

"அப்போ சீட்டாட்டத்தை எடுத்துடலாம்."

"அந்த ஆட்டத்துலதான் வீடே கைமாறுது. அதை எடுத்தா மிச்ச இருநூறு பக்கமும் போச்சு!"

அட மகா ஜனங்களே! மூன்று தடவை படித்தவர் எதைப் படித்தார்? அழுத மனுஷன், செத்தவர் எழுந்து உட்கார்ந்து சீட்டைக் கலைக்கும்போது என்ன செய்துகொண்டிருந்தார்? எனக்கு வாய்விட்டுக் கேட்க வேண்டும்போல இருந்தது.

கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்த நாவலாசிரியர் மெல்ல நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... வேணும்னேதான் வெச்சிருக்கேன். மாயம். செத்தவர் திரும்பி வர்றார். பக்குவப்பட்ட வாசகனுக்குப் புரியும்."

"மாயமா!" என்று என்னையும் மீறிக் கத்திவிட்டேன். முதலாளி என்னை முறைத்தார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. பையில் டப்பாவை வைத்து மூடிக்கொண்டே சொன்னார்.

"நான் படிக்கிற குழந்தைக் கதையில செத்தவர் திரும்பி வந்தா, எப்படி வந்தார்னு ஒரு காரணம் சொல்லிடுவாங்க சார். சொல்லலேன்னா நாங்க விடமாட்டோம்."

நாவலாசிரியர் கட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முதலாளியின் தோளில் கைபோட்டு, "நீங்க உங்க வேலையைப் பாருங்க, நாங்க பேசிக்கிறோம்" என்று வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். என்னை அவர் ஓர் ஆளாகவே மதிக்கவில்லை போலிருக்கிறது.

கதவைச் சாத்தினார். அக்காவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் பாதியாகிவிட்டது.

"முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேம்மா, நீங்க எங்கேயும் போக வேண்டாம். அந்தக் காரணம்... அதை எப்படிச் சொல்லுவாங்கன்னு மட்டும் கொஞ்சம் சொல்லுங்களேன்!"