சக்கரம் வைத்த வீடு

"சக்கரம் வெச்ச வீட்டைக் காட்டி அரசாங்க நிலத்தை அமுக்குற அத்தனை பேரையும் உள்ளே தள்ளுவேன்!"

சுருட்டும் கையுமாக வண்டி மேல் ஏறி நின்று முழங்கினார் வக்கீல் எனோச் ஸ்பார்க்ஸ். நெப்ராஸ்கா சட்டசபைத் தேர்தலுக்கு நிற்கிறார். கேட்கணுமா!

வீடு கட்டி உழுதவருக்கே அரசாங்க நிலம் என்று சட்டம். ஒரே வீட்டை மாடு பூட்டி இழுத்துப் போய், பத்துப் பேர் பத்து நிலத்தில் நிறுத்தி, "என் வீடு" என்று சத்தியம் பண்ணுவது அந்தப் பக்கத்தில் சகஜம்தான்.

கூட்டம் கலைந்ததும் லவீனியா தயங்கித் தயங்கிக் கிட்டே போனாள். புருஷன் இல்லை. பிள்ளைகள் ரெண்டு.

"வக்கீலய்யா, நாளன்னைக்கு நில ஆபீஸ் அதிகாரி வர்றாரு. அஞ்சு வருஷமா உழுதுட்டேன். ஜன்னல் வெச்ச வீடு இருந்தாத்தான் பட்டாவாம். நாங்க இருக்கிறது மண்மேட்டைக் குடைஞ்ச பொந்துல. பட்டா கிடைக்கலேன்னா நிலம் போயிடும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"நான் சொன்னா பொந்து வீடாயிடுமா? யார்கிட்ட வந்து என்ன கேக்கறீங்க? போங்கம்மா, போங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. லவீனியாவுக்கு அழுகை முட்டியது. 'நீ ஜெயிச்ச மாதிரிதான்' என்று திட்டிக்கொண்டே நடந்தாள்.

அதிகாரி வரும் நாள். காலையில் பொந்தை விட்டு வெளியே வந்தவள் வாயைப் பிளந்தாள். எதிரே மர வீடு! கதவு, ஜன்னல், ஜன்னலுக்குத் திரை வேறு. கழற்றிய சக்கரங்களோடு மாடுகளை ஓட்டிக்கொண்டு ரெண்டு பேர் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி வந்தார். குனிந்து வீட்டுக்கு அடியில் பார்த்தார். சக்கரம் இல்லை. உள்ளே போய் மூக்கை உறிஞ்சினார்.

"சுருட்டு வாடை அடிக்குதே? உங்க வீட்டுக்காரர்தான் இல்லையே?"

"நான்தான்யா குடிக்கிறேன்."

அதிகாரி இருமிக்கொண்டே பட்டாவில் கையெழுத்துப் போட்டார்.

அந்த வக்கீல் மூஞ்சிக்கு நேரே பட்டாவை ஆட்டிக் காட்டாமல் விடுவதா? மறுநாள் தூறலையும் பார்க்காமல் ஊருக்குள் போனாள்.

"ஸ்பார்க்ஸ் ஆபீஸ் எங்கேங்க?"

கடைக்காரர் கை காட்டினார். ரெண்டு கடைக்கு நடுவே காலி மனை. அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. சொட்டச் சொட்ட நனைந்தபடி எழுதிக்கொண்டிருந்தார் ஸ்பார்க்ஸ்.

"ஐயா... உங்க ஆபீஸ்..."

"அவசரமில்லைம்மா." தொப்பியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டினார். "சாயங்காலத்துக்குள்ள அனுப்பி வெச்சாப் போதும். அது வாசல்ல நின்னுதான் சக்கர வீட்டை எதிர்த்துப் பேசணும்!"