முழங்காலில் நின்றவள்

"பந்தை எறிஞ்சது நான். நன்றி மட்டும் மேலை போகுது!"

பூர்ணா போனைத் தாயின் மடியில் எறிந்தாள். திரையில், அவளோடு ஆடும் இன்னொரு தமிழ்ப்பெண்ணான அஞ்சலீனா இன்னும் முழங்காலில்தான் நின்றாள். பல்கலைக்கழகப் பெண்கள் ஃபிளாக் ஃபுட்பால் அணியின் சிவப்புச் சட்டை, மூடிய கண், கூப்பிய கை, கன்னத்தில் ஒட்டிய ஒரு புல். இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். டச்டவுண் கோட்டைத் தாண்டி அவள் பிடித்த பந்தை அரை மைதானத்துக்கு அப்பாலிருந்து எறிந்தவள் பூர்ணா. அவளுடைய விரல்கூட அந்த வீடியோவில் இல்லை.

"எவ்வளவு பக்தியான பிள்ளை," என்றாள் தாய் ரமா. "எங்கட கோயில் ஆக்கள்கூட வாட்ஸப்பிலை போட்டிருக்கினம்."

"அவள் வேதக்காரி அம்மா, சேர்ச்சுக்குப் போறவள். எங்கட கோயில் ஆக்களுக்கு என்ன வந்தது?"

"சாமி கும்பிடுற பிள்ளைதானே. நீ ஒரு நாளாவது திருநீறு பூசுறியே?"

"பூசினால் பந்து நேரா போகுமே?"

குடும்பத்திலேயே முதல் பட்டம் பூர்ணாவுடையது; இப்போது அடுத்த பட்டத்துக்குப் படிக்கிறாள். தொப்பியும் அங்கியுமாக நின்ற படத்தை அம்மா இதே வாட்ஸப்பில் போட்டபோது பதினொரு பேர்தான் வாழ்த்தினார்கள். அதில் இரண்டு பேர் மாமாக்கள்.

"போன வருசம் முழுக்க ஓடியோடியே ஒரு சிலுவை போட்டிட்டு வந்திடுவாள். இந்த செப்டெம்பரிலை இருந்துதான் முழங்கால் நாடகம். ஒவ்வொரு டச்டவுணுக்கும் ஒரு நிமிசம்! அவளுக்குத் தேவை கடவுள் இல்லை அம்மா, கேமரா."

"அதை விடு. நீ ஏன் காலிலை ஐஸாக் கிடந்த பட்டாணிப் பையை வைச்சுக்கொண்டு இருக்கிறாய்?"

"சும்மா."

சும்மா இல்லை. ஓகஸ்டில் ஜாரி பூங்காவில் தனியாக ஓடிப் பழகியபோது இடது முழங்கால் பிரண்டுவிட்டது. பயிற்சியாளர் ஜோசேக்குத் தெரிந்தால் அன்றோடு பெஞ்ச்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. வரும் சனிக்கிழமை மாகாண அணிக்கு ஆள் தேர்வு செய்பவள் ஆட்டம் பார்க்க வருகிறாள். அதுவரை இந்தக் கால் தாங்கினால் போதும். அதுவரை அந்த முழங்கால்காரி வழியை மறைக்காமல் இருந்தால் போதும்.

மறுநாள் அகாடி மெட்ரோ நிலையத்தில் நின்றபடியே பூர்ணா பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவுக்குப் பிரெஞ்சில் ஒரு மின்னஞ்சல் தட்டினாள். மைதானம் எல்லோருக்கும் பொது, செபத்தை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று நான்கு வரி. பெயர் போடவில்லை. அனுப்பியதும் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் ஜோசே அஞ்சலீனாவை ஓரமாகக் கூப்பிட்டாள். பூர்ணா சப்பாத்து நாடாவை இரண்டாம் முறையாக அவிழ்த்துக் கட்டினாள்.

"மின்னஞ்சலில் ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது. இனி மைதானத்தில் முழங்கால் போடாதே."

"நாளைக்கு மட்டும் விடுங்கள், பிளீஸ்," அஞ்சலீனா பிரெஞ்சில் கெஞ்சினாள். "நாளைய ஆட்டம் மட்டும். பிறகு நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்."

"மேலிடத்து உத்தரவு. முடியாது."

நாளைக்கு மட்டுமாம்! தேர்வு செய்பவள் வருகிற நாளாகப் பார்த்து வேண்டுமாம். பூர்ணாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சனிக்கிழமை, மூன்றாம் கால் பகுதி. பூர்ணா பின்னால் இரண்டடி வைத்து, தோளைத் திருப்பி, வாழ்நாளில் எறியாத ஓர் எறி எறிந்தாள். பந்து காற்றைக் கிழித்துப் போய் மறுகோடியில் அஞ்சலீனாவின் கைக்குள் விழுந்தது. டச்டவுண்!

கேமராக்கள் எல்லாம் பழக்கதோஷத்தில் அஞ்சலீனாவிடம் ஓடின. அவள் முழங்காலில் நிற்கவில்லை. பந்தைக் கட்டிப்பிடித்தபடி, பூர்ணா நின்ற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லாமல் போகவே, கேமராக்கள் ஒவ்வொன்றாக எறிந்தவளிடம் திரும்பின. தேர்வு செய்பவளும் குறிப்பேட்டோடு திரும்பினாள்.

முதல் தடவையாக மைதானம் முழுவதும் பூர்ணாவைப் பார்த்தது. அவள் தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

டச்டவுணுக்குப் பிறகு மேலதிகப் புள்ளிக்காக அந்தக் கோட்டருகிலேயே இன்னொரு முறை ஆடவேண்டும். அதற்கு எறிபவள் இங்கிருந்து அங்கே போயாக வேண்டும். பூர்ணா நடந்தாள். ஓட்டத்தின் சூட்டில் தெரியாத வலி, ஆட்டம் நின்றதும் வழக்கம்போல விழித்துக்கொண்டது. நான்காவது அடியில் கால் இழுத்தது. ஆறாவது அடியில் நன்றாகவே நொண்டினாள். பெரிய திரையிலும் நொண்டினாள்.

ஜோசே கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினாள். தேர்வு செய்பவள் ஏதோ ஒன்றை எழுதி, குறிப்பேட்டை மூடினாள்.

பெஞ்சில் மருத்துவ உதவிப்பெண் முழங்காலை அழுத்தியதும் பூர்ணா அலறிவிட்டாள். இந்த வருட ஆட்டம் அவளுக்கு அதோடு முடிந்தது.

ஆட்டம் முடிந்து அஞ்சலீனா ஐஸ் பையோடு வந்து பக்கத்தில் குந்தினாள். "அந்த ஈமெயில் எழுதின நாய் ஆரெண்டு மட்டும் தெரிஞ்சால், பல்லை உடைப்பன்."

பூர்ணா புல்லைப் பார்த்தாள். "அதுக்கேன் உனக்கு இவ்வளவு கோவம்? வீட்டிலை போய்க் கும்பிடலாம்தானே."

"கும்பிடுறதை நான் ஓடியோடியே கும்பிடுவனடி," அஞ்சலீனா ஐஸ் பையை அவளுடைய முழங்காலில் வைத்து அழுத்தினாள். "நீ நொண்டி நொண்டி இஞ்சாலை வந்து சேருமட்டும் எல்லாரும் என்னையே பாக்கவேணுமெண்டுதானே, விசரி, செப்டெம்பரிலை இருந்து முழங்காலிலை நிண்டனான்!"