பதினேழாம் நம்பர் லைன் வீடு

"எம் புருஷன் செத்து மூணு மாசம் முடியலை. அதுக்குள்ள எங்க வீட்டைக் கேட்டு எழுதிக் குடுத்திருக்கியளே, நல்லாருப்பியளா அண்ணாச்சி?"

ஷிப்ட் விட்டு அத்தனை பேரும் வெளியே வரும் நேரம். மில் வாசலில் சீனியை மறித்துக்கொண்டு கத்தினாள் சொர்ணத்தாய். செத்துப்போன மாரிராஜோடு பத்து வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவன் சீனி.

"வாயைத் தொறங்களேன்!"

"வரிசைப்படி எனக்குத்தான் வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நடந்தான்.

மில் வரிசையாகக் கட்டிவைத்திருக்கும் லைன் வீடுகள் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத்தான். ஆள் போனால் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் மகள் செல்விக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்ததும் கோவில்பட்டி முழுக்க வீடு தேடி அலைந்தாள். ஆம்பளை இல்லாத குடும்பம் என்றதும் எல்லாரும் கையை விரித்தார்கள்.

அந்த வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டுவாள். உலை வைக்க வேண்டுமே என்று மறுபடி அவிழ்ப்பாள்.

"எம்மா, செத்த உக்காரேன்."

"நீ படிட்டி."

சனிக்கிழமை மில் ஆபீஸிலிருந்து ஆள் வந்து, கதவில் இருந்த மாரிராஜ் பெயரை அழித்துவிட்டு சீனி என்று எழுதிப் போனார். செல்வி புத்தகத்தை மூடிவிட்டு அழுதாள்.

ஞாயிறு காலை, எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து சீனியின் பெண்டாட்டி ரெங்கம்மாள் வந்து இறங்கினாள். கையில் ஒரு மஞ்சப்பை மட்டும்.

சொர்ணத்தாய் சாவியை நீட்டினாள். "எல்லாம் கட்டியாச்சு. வண்டி வந்ததும் எங்கம்மா ஊருக்குப் போயிருதோம். லைன் வீட்டுக்கு எட்டு வருஷமா காத்துக்கிடந்தியள்லா, நல்லா இருங்க."

ரெங்கம்மாள் உள்ளே போய் வீட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். கொல்லைக் குழாயைத் திறந்து, விழுந்த தண்ணீரில் கையை நனைத்துவிட்டு மூடினாள்.

"எங்க ஊர்ல ஒரு கொடத்துக்கு அரை மைல் நடக்கணும்" என்றாள்.

"அதான் வீடு கெடைச்சிருச்சே. சாவியைப் பிடிங்க."

"நீயே வச்சுக்க. எங்க வீட்டுக்காரவிய கேக்காட்டா, வரிசையில அடுத்து இருக்கவன் கேட்டு வாங்கி ஒன்னைய வெளிய தள்ளியிருப்பான். ஒங்களுக்காகத்தான் கேக்கோம்னு முன்கூட்டிச் சொன்னா மில் ஆபீஸுக்குத் தெரிஞ்சுரும்னுதான் அவிய பேசாம இருந்தாவ. நாங்க ஊர்லயே இருந்துக்கிடுதோம் சொர்ணம்... புள்ள இங்கன இருந்து பரீட்சை எழுதட்டும்."