கடைசிப் பெட்டி

மேஜைமேல் ஓடும் பொம்மை ரயிலில், முதுகில் பெருக்கல் குறியை மாட்டிக்கொண்டு கடைசியாகப் போக எந்தப் பெட்டிக்கும் மனமில்லை. பின்கொக்கி ஒடிந்து, பின்னால் எதையும் மாட்ட முடியாத கரி வேகனின் தலையில் மற்றப் பெட்டிகள் அதைக் கட்டின. கரி வேகனுக்கும் அவமானமாகத்தான் இருந்தது.

வளைவில் குலுங்கியதில் முன்கொக்கி கழன்று அது நின்றுவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்டேஷனில் பொம்மை மாஸ்டர் பச்சைக்கொடியைத் தொடவே இல்லை.

"நாங்கதான் வந்துட்டோமே!" என்றது ஏசி பெட்டி.

"பெருக்கல் குறி வரலையே. அது வந்தாத்தான் வண்டி வந்ததா அர்த்தம்."

ரயில் பின்னோக்கிப் போய்க் கரி வேகனைக் கூட்டி வந்தது.

மறுநாள் கடைசி இடத்துக்கு ஒரே அடிதடி. ஏசி பெட்டி தன் பின்கொக்கியைத் தானே ஒடித்துக்கொண்டு வந்து நின்றது.

"அடப்பாவி!" என்றது கரி வேகன். "இனிமே நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர்தானே போக முடியும்!"